லாயமும் லயமும்: மலையகத்து விலங்குப் பராமரிப்பின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

மலையகத்தின் வரலாறு பற்றி நம்மிடையே கணிசமான அளவு எழுதப்பட்டுள்ளது. கோப்பி வந்த கதை, இலைத்துரு நோயால் அது அழிந்த கதை, அதன் சாம்பலில் தேயிலை எழுந்த கதை, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை நடந்து வந்து பாதி வழியிலேயே மாண்டு போனவர்களின் கதை என்பன ஓரளவுக்கேனும் பதிவாகியுள்ளன. ஆனால் அந்த மலைகளில் மனிதரோடு சேர்ந்து உழைத்து, மனிதரோடு சேர்ந்து மடிந்த விலங்குகளைப் பற்றி எவரும் பெரிதாக எழுதவில்லை. புகையிரதம் வரும்வரை ஒரு மூட்டை அரிசி மலை ஏறியதும் ஒரு மூட்டை கோப்பி மலை இறங்கியதும் பெரும்பாலும் மாட்டின் முதுகிலோ மாட்டு வண்டியிலோதான். துரைமார் தோட்டம் சுற்றியது குதிரையின் முதுகில். இந்த விலங்குகளுக்கு நோய் வந்தபோது யார் பார்த்தார்கள்? என்ன தெரிந்துவைத்துக்கொண்டு பார்த்தார்கள்? அந்த அறிவு எங்கே போயிற்று? இக்கட்டுரை இக்கேள்விகளைத்தான் தொட்டுச் செல்ல முனைகிறது.

தோட்டங்களில் ஒலி ஒத்த இரு சொற்கள் வழங்கின. ஒன்று லாயம், துரையின் குதிரை கட்டப்படும் இடம். மற்றது லயம், தொழிலாளர் குடியிருக்கும் நீள்வரிசை. 'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லே திரிந்து லயம் ஆயிற்று என்பர். எவ்வாறாயினும், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவிலே ஒரு குடும்பத்தையே அடைத்து வைத்த ஏற்பாட்டுக்கும் வரிசையாகத் தடுப்பு வைத்துக் குதிரை கட்டும் ஏற்பாட்டுக்கும் வடிவத்தில் அதிக வேறுபாடு இருக்கவில்லை. லாயத்திலே நின்ற குதிரைக்குப் பெயர் உண்டு. வாங்கிய விலை உண்டு. இறந்தால் அது கடிதங்களில் எழுதப்படும். அதைத் தேய்த்துவிட்டு, அதற்குப் புல்லறுத்துப் போட்டு, இரவில் அதன் வயிறு நோகும்போது விழித்திருந்தவன் 'குதிரைக்காரன்' என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துபோனான்.

இந்தப் பெயரழிப்பு வெள்ளைக்காரனோடு தொடங்கியதல்ல. அதற்கு நீண்ட முன்கதை உண்டு. அந்த முன்கதையில் நம்மவரின் பங்கும் இருக்கிறது.

காயலில் இறங்கிய குதிரைகள்

பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகமும் அரபுக் குதிரை வாணிபமும் முஸ்லிம்களாகிய நாம் பெருமையோடு நினைவுகூருகின்ற விடயங்கள். பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவை ஆண்ட மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை மஃபர் என்று அரபிகள் அழைத்த பாண்டியக் கரைக்கு அனுப்பும் ஒப்பந்தம் செய்திருந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதுகிறார். ஒரு குதிரையின் விலை 220 பொற்காசு. அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய மன்னனிடம் அமைச்சராகவும் இருந்தார். இவையெல்லாம் நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுபவை.

அதே ஒப்பந்தத்தில் இன்னொரு விதியும் இருந்தது. கடலிலே இறந்துபோகும் குதிரைகளுக்கும் மன்னனே விலை கொடுக்க வேண்டும். குதிரை உயிரோடு வந்தாலும் பிணமாகப் போனாலும் வணிகனுக்கு நட்டமில்லை என்றால், கப்பலிலே அதன் நலத்தைப் பேண வேண்டிய அவசியம் எங்கிருந்து வரும்?

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ இதைவிடக் கடுமையான ஒரு குற்றச்சாட்டை எழுதி வைத்திருக்கிறார். மன்னனும் அவன் சகோதரர்களும் ஆண்டுக்கு ஆளுக்கு ஈராயிரத்துக்கு மேல் குதிரை வாங்குகிறார்கள். ஆண்டு முடிவில் நூறு கூட மிஞ்சுவதில்லை. பராமரிக்கத் தெரியாமையால் அவை செத்துப்போகின்றன. குதிரை வைத்தியம் தெரிந்தவர் இந்நாட்டில் இல்லை. அப்படிப்பட்டவர் இங்கு வருவதை வணிகர்கள் விரும்புவதுமில்லை, ஏனெனில் குதிரை சாவது அவர்களுக்கு இலாபம் என்பது அவர் கூற்றின் சாரம். மார்க்கோ போலோவின் எண்களை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பயணிகள் மிகைப்படுத்துவது வழமை. இந்தியாவில் சாலிஹோத்திரர் பெயரால் வழங்கும் பழைய குதிரை வைத்திய மரபு இருந்தமையும் நாம் அறிந்ததே. ஆயினும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை இறக்குமதியாகி வந்தது என்பதே, இங்கு வந்த குதிரை நெடுநாள் வாழவில்லை என்பதற்குப் போதிய சாட்சி.

வஸ்ஸாப் தீவனம் பற்றியும் எழுதுகிறார். வறுத்த பார்லியும் வெண்ணெய் சேர்த்த தானியமும் கொடுத்து, காய்ச்சிய பசும்பாலைக் குடிக்க வைத்து, நாற்பது நாள் கட்டியே வைத்திருப்பார்களாம். குதிரையின் வயிறு எட்டு முதல் பதினைந்து லீற்றர் மட்டுமே கொள்ளும் சிறிய வயிறு. பசுவின் அசைபோடும் வயிறு நூறு லீற்றருக்கு மேல் கொள்ளும். நாள் முழுதும் சிறிது சிறிதாக நார்ப்புல் மென்றுகொண்டிருக்கப் படைக்கப்பட்ட அந்தச் சிறு வயிற்றில் கொழுப்பும் மாவும் நிறைந்த தீவனத்தைத் திணித்தால் வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் வருவது திண்ணம். குதிரைக்கு வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது வயிற்றைக் கிழித்தாலும் மேலே வராது. அன்பினால் கொடுத்த உணவே பல குதிரைகளைக் கொன்றிருக்கும்.

இங்கே வேதனை தருவது என்னவென்றால், அக்கரையில் அந்த அறிவு நிறையவே இருந்தது. கால்நடை வைத்தியத்தை அரபிகள் 'பைத்தரா' என்றனர், வைத்தியர் 'பைத்தார்'. 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எகிப்தின் மம்லூக் சுல்தான் நாஸிர் முஹம்மதின் லாயத்தில் பணியாற்றிய அபூபக்ர் இப்னு பத்ர் குதிரை வளர்ப்பும் வைத்தியமும் பற்றி எழுதிய பெருநூல் சுல்தானின் பெயராலேயே 'நாஸிரி' என்று வழங்கியது. நபி (ஸல்) அவர்கள் தமது மேலாடையால் குதிரையின் முகத்தைத் துடைத்துவிட்ட செய்தியை இமாம் மாலிக்கின் 'முவத்தா' பதிவுசெய்கிறது. இத்தகைய மரபையுடைய ஒரு சமூகத்தின் கப்பலில் குதிரை வந்தது, பொன் திரும்பிப் போனது. அறிவு மட்டும் கரையிறங்கவில்லை என்றால் அதைப் பெருமைக்குரிய வரலாறாக மாத்திரம் எழுதிக்கொண்டிருக்க முடியாது.

தவளக்காரர்

காயலின் கதைக்கு எதிர்முகமான ஒன்றைக் கண்டி இராச்சியத்தில் காணலாம். போர்த்துக்கேயராலும் பின்னர் ஒல்லாந்தராலும் கரையோரத்தில் நெருக்கப்பட்ட முஸ்லிம்கள் கண்டி மன்னரின் நாட்டுக்குள் குடியேறி, பொதிமாட்டுப் போக்குவரத்தில் முக்கிய இடத்தைப் பெற்றனர். இதுவே தவளம். கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் மேலே போகும். மேலிருந்து பாக்கும் மிளகும் கீழே வரும். இதற்கென அரசில் 'மடிகே பத்த' என்ற ஒரு பிரிவே இருந்தது. கலாநிதி லோனா தேவராஜா 1994இல் வெளியிட்ட இலங்கை முஸ்லிம்கள் பற்றிய ஆங்கில நூலில் இதனை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

அரசியலிலும் இந்தப் பொதிமாடுகளின் தடம் உண்டு. 1817இல் பிரித்தானியர் வெல்லஸ்ஸயில் ஹாஜி மரிக்கார் என்ற முஸ்லிமை மடிகே முகாந்திரமாக நியமித்து, அப்பகுதி முஸ்லிம்களைச் சிங்களத் தலைவர்களின் அதிகாரத்திலிருந்து பிரித்தெடுத்தனர். ஊவாக் கிளர்ச்சி வெடிப்பதற்கான உடனடிக் காரணங்களில் ஒன்றாக வரலாற்றாசிரியர்கள் இதனைச் சுட்டுவர்.

நமது கேள்விக்குத் தவளம் முக்கியமாவது வேறொரு காரணத்தினால். தவளக்காரன் தன் மாட்டோடு நடந்தான், மாட்டோடு படுத்தான். மாடு செத்தால் அவன் முதல் அழிந்தது. கப்பல் வணிகனுக்கு இல்லாத அக்கறை அவனுக்கு இருந்தது அதனாலேதான். ஒற்றையடிப் பாதையில் சேணப்புண் வந்த மாட்டுக்குப் பொதியைக் குறைக்க வேண்டும், பாரத்தை இருபுறமும் சமமாக்க வேண்டும், குளம்பு தேய்ந்தால் இளைப்பாற விட வேண்டும், வெயிலேறுமுன் நடந்து நண்பகலில் அசைபோட விட வேண்டும். இவை எந்த நூலிலும் படித்து வருபவையல்ல. அசைபோடாத மாடு நோயாளி மாடு என்பது இன்றைய மிருக வைத்தியரும் முதலில் கேட்கும் கேள்வி.

அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் சரியானது என்று சொல்ல வரவில்லை. மாட்டின் உடலெங்கும் கோலம் போட்டது போலச் சூடு வைப்பது அக்காலத்தில் இலங்கை முழுவதும் இருந்த வழக்கம். உடைமைக் குறியாகவும் நோய்க்கு மருந்தாகவும் அது கருதப்பட்டது. அதனால் எந்த நோயும் தீர்ந்ததில்லை. மாடு பட்ட வேதனைதான் மிச்சம். பழைய அறிவை மீட்கிறோம் என்று இறங்குவோர் இத்தகையவற்றையும் சேர்த்து மீட்டுவிடக் கூடாது.

ஐந்து குதிரைகளும் இருபத்தாறு மாடுகளும்

1820களின் இறுதியில் தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸின் காலத்தில் நுவரெலியா, நோயுற்ற வெள்ளைக்காரப் படையினர் உடல் தேறுவதற்கான இடமாயிற்று. 1848இல் சாமுவேல் பேக்கரும் அவருடைய சகோதரர் ஜோனும் அங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நிறுவும் எண்ணத்தோடு வந்திறங்கினர். ஆட்களோடும் கருவிகளோடும் டேர்ஹாம் பசுவையும் செம்மறிக் கடாக்களையும் வேட்டை நாய்களையும் கப்பலேற்றி வந்தனர்.

1855இல் வெளியான தமது நூலில் பேக்கர் அந்த முதலாண்டின் சேதங்களை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். இங்கிலாந்திலிருந்து வந்த குதிரைக்காரன் வண்டியையும் குதிரைகளையும் மலைப்பாதையிலிருந்து பள்ளத்தில் விழுத்தினான். பின்னர் அனுப்பப்பட்ட யானையையும் மலைப்பாதையில் விரட்டி ஓட்டிக் கொன்றான். கால்நடைகளுக்கிடையே ஒரு கொள்ளைநோய் தோன்றி, கொழுத்த மாடுகள் இருபத்தாறு சில நாட்களுக்குள் செத்தன. ஆஸ்திரேலியக் குதிரைகள் ஐந்து முதலாண்டிலேயே இறந்தன.

இதை வெறும் துரதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள ஈரக் குளிர்ப் பிரதேசம். நெடுங்கடற் பயணத்தில் இளைத்து வந்த விலங்கு ஒன்றை இளைப்பாற விடாமல் வெப்பச் சமவெளியூடாக நடத்தி, மூடுபனிக்குள் கொண்டுபோய் நிறுத்தி, பழகாத புல்லைத் தின்ன விட்டால் அதன் எதிர்ப்புச் சக்தி குலையும். அதற்கு முன் அறியாத ஒட்டுண்ணியும் கிருமியும் அங்கே காத்திருக்கும். இன்றைய மிருக வைத்தியம் இதைத் தொற்றுத் தடுப்புக் காலம் என்றும், தீவனத்தைப் படிப்படியாக மாற்றுதல் என்றும், புதுவிலங்கைப் பழைய மந்தையோடு உடனே சேர்க்காதிருத்தல் என்றும் விதிகளாக வகுத்திருக்கிறது.

விதிகள் இருந்தும் கதை மாறியதாகத் தெரியவில்லை. பாலில் தன்னிறைவு காணும் திட்டத்தின் கீழ் 2017இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளிலிருந்து 5,000 கறவைப் பசுக்கள் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டுப் பண்ணையாளரிடம் கையளிக்கப்பட்டன. பல நோயுற்றன, பல இறந்தன, கடன்பட்டு வாங்கியவர்கள் நொடித்துப் போயினர். 2019இல் இவ்விடயம் வெளிநாட்டு ஊடகங்கள் வரை சென்றது. பேக்கரின் இருபத்தாறு மாடுகளுக்கும் இந்தப் பசுக்களுக்கும் இடையில் ஏறத்தாழ 170 ஆண்டுகள். இரண்டு தடவையும் விலங்கு கப்பலேறி வந்தது. அதைப் பராமரிக்கும் அறிவும் அதற்கான நீர், புல், கொட்டில் ஏற்பாடும் அதே அளவில் கூட வரவில்லை.

குதிரைக்காரனும் புல்லுக்காரனும்

கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது ஒவ்வொரு தோட்டத்திலும் லாயமும் மாட்டுப்பட்டியும் அமைந்தன. மாட்டுப்பட்டி பாலுக்காக மட்டுமன்று, எருவுக்காகவும். வில்லியம் சபோனடியர் 1866இல் கோப்பித் தோட்டக்காரருக்காக எழுதிய கைநூல் மாட்டெருவைப் பற்றியும் பட்டி நடத்துவதைப் பற்றியும் பேசுகிறது. மானாப்புல்லை வெட்டி மாட்டின் கீழ் பரப்பி, கினிப்புல்லைத் தீவனமாகப் பயிரிட்டு, சாணமும் மூத்திரமும் ஊறிய புல்லைக் கோப்பி வேருக்குப் போட்டனர்.

துரை குதிரையிலேறித் தோட்டம் சுற்றும்போது குதிரைக்காரன் பின்னாலேயே ஓடுவான். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இது வழமையாக இருந்தது. துரை இறங்குமிடத்தில் கடிவாளத்தைப் பிடிக்க அவன் நிற்க வேண்டும். திரும்பியதும் வியர்த்த குதிரையை ஆறும்வரை மெல்ல நடத்தி, வைக்கோல் சுருணையால் உடம்பைத் தேய்த்து, குளம்புக் குழியிலே சிக்கிய கல்லையும் சேற்றையும் கிண்டியெடுத்து, ஊறவைத்த கொள்ளைக் கொடுத்து, போர்வை போர்த்திய பிறகே தன் சோற்றைப் பார்க்கலாம். புல்லுக்காரனின் வேலை தினமும் மலைச்சரிவில் புல்லறுத்துச் சுமந்து வருவது. இவ்விருவரும் லயத்தில் வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு மருத்துவ வசதி செய்துதர வேண்டும் என்ற சட்டமே 1872இல்தான் வந்தது. குதிரைக்குக் காய்ச்சல் வந்தால் இரவோடிரவாகப் பந்தம் பிடித்து ஓடியவனுக்குத் தன் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது யார் ஓடினார்?

மாட்டுவண்டியின் காலம் நோயின் காலமுமாக இருந்தது. கொழும்பு - கண்டிப் பாதையில் போய்வந்த வண்டிமாடுகள் ஒரே தொட்டியில் நீர் குடித்தன. ஒரே மடத்தடியில் கட்டப்பட்டன. வெக்கை என்று தமிழர் சொன்ன கொள்ளைநோய் மூச்சாலும் எச்சிலாலும் பரவுவது. அது வண்டிப்பாதை வழியே நகர்வதற்கு இதைவிட வசதி வேண்டியதில்லை. 1867இல் புகையிரதம் கண்டியை எட்டியது. 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் தொட்டது. மாடுகளின் பாரம் குறைந்தது. வெக்கை போகவில்லை. 1987இல் இந்தியாவிலிருந்து வந்த ஆடுகளோடு அது மீண்டும் நாட்டுக்குள் நுழைந்து பல மாவட்டங்களில் மாடுகளைக் கொன்றது. 2011இல்தான் அந்நோய் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அம்மை நோய்க்குப் பின் மனிதன் முற்றாக ஒழித்த இரண்டாவது தொற்றுநோய் அது.

தோட்டக் குதிரை மோட்டார் வாகனத்தின் வரவோடு மெல்ல மறைந்தது. ஆனால் 1875இல் உருவான நுவரெலியாப் பந்தயத்திடல் குதிரையை அந்நகரில் நிலைக்கச் செய்தது. கொழும்பில் 1950களில் பந்தயம் நின்றுபோன பிறகும், இடையில் தடைப்பட்டாலும், ஏப்ரல் வசந்தகாலப் பந்தயம் நுவரெலியாவின் அடையாளமாகத் தொடர்ந்தது.

கும்ரி

குதிரை வளர்த்தோரை இலங்கையிலும் இந்தியாவிலும் பர்மாவிலும் நெடுங்காலம் கலங்கடித்த ஒரு நோய் கும்ரி. இடுப்பைக் குறிக்கும் 'கமர்' என்ற பாரசீகச் சொல்லடியாக இந்துஸ்தானியில் வழங்கிய பெயர் இது. நேற்று வரை நன்றாக ஓடிய குதிரை இன்று பின்கால் தள்ளாடும்; திரும்பும்போது இடுப்பு ஒரு பக்கம் சாயும்; சில நாளில் எழுந்திருக்க மாட்டாமல் விழுந்துவிடும். குளிர் தாக்கிற்று என்றனர். தீவனக் குற்றம் என்றனர். கண்ணூறு என்றும் சொன்னார்கள். நூறாண்டுக்கு மேலாகக் காரணம் தெரியாமலேயே இருந்தது.

யப்பானிய ஆய்வாளர் செம்மறிகளிலும் வெள்ளாடுகளிலும் கண்ட இதே போன்ற இடுப்பு வாதத்தின் காரணத்தை 1940களில் கண்டறிந்தனர். அதன் தொடர்ச்சியாக இன்ஸ், பெருமாள்பிள்ளை ஆகிய இருவரும் இலங்கைக் குதிரைகளின் கும்ரியை ஆராய்ந்து 1955இல் பிரித்தானிய மிருகவைத்தியச் சஞ்சிகையில் எழுதினர். காரணம் செற்றேரியா என்ற நூல் போன்ற ஒரு புழு. யானைக்கால் நோய்ப் புழுவின் உறவுக்காரன். அது மாட்டினதும் எருமையினதும் வயிற்றறையில் வாழ்கிறது. மாட்டுக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை. மாட்டைக் கடித்த நுளம்பு அதன் குஞ்சுகளைக் குதிரையில் இறக்கிவிட்டால், பழகாத உடலிலே வழி தவறிய புழு முதுகுத்தண்டினுள் புகுந்து நரம்பைக் கிழித்துச் செல்கிறது. ஆட்டுக்கும் இதே கதிதான்.

இந்தக் கண்டுபிடிப்பு வைத்தியத்துக்கு அப்பாலும் ஒன்றைச் சொல்வதாக எனக்குப் படுகிறது. லாயத்துக் குதிரையைத் தனிக் கூரையின் கீழ், தனித் தீவனத்தோடு, தனி ஆள் வைத்துக் காத்தார்கள். அது வீழ்ந்ததோ, எவரும் கவனிக்காத பக்கத்துப் பட்டி மாட்டின் புழுவினால். ஒரு கொட்டிலின் நலத்தை மட்டும் பேணிக்கொண்டு அடுத்த கொட்டிலை மறந்துவிடுவது நடக்காத காரியம். லயத்தில் வாந்திபேதி இருக்கும்வரை துரையின் பங்களாவும் அதற்குத் தப்பியதில்லை அல்லவா?

மாலையில் கொட்டிலருகே வேப்பிலையும் ஈரச் சருகும் போட்டுப் புகைமூட்டும் வழக்கம் நமது கிராமங்களில் இன்னும் உண்டு. ஏன் என்று கேட்டால் 'பூச்சி வராது' என்பார்கள். நுளம்புக்கும் கும்ரிக்கும் உள்ள தொடர்பைக் கண்ணாடியில் பார்க்காமலேயே அவர்கள் செய்த காவல் அது. இன்று புழுக்கொல்லி மருந்துகள் உண்டு. தள்ளாட்டம் தெரிந்த அன்றே மிருக வைத்தியரை அழைத்தால் மேலும் சேதம் வராமல் தடுக்கலாம். கிழிந்த நரம்பை மருந்து தைத்துத் தராது.

இன்றைய கொட்டில்

இன்று நுவரெலியாவில் குதிரை துரையின் உடைமையல்ல. கிரகரி வாவிக்கரையிலும் பந்தயத்திடலருகிலும் உல்லாசப் பயணிகளையும் குழந்தைகளையும் ஏற்றிச் செல்லும் மட்டக்குதிரைகள் பெரும்பாலும் அன்றாடம் காய்ச்சிகளுடையவை. ஏப்ரலில் பணம் வரும். மழைக்காலத்தில் குதிரையின் தீவனச் செலவுக்கே வழியிராது. அப்போது அவிழ்த்துவிடப்பட்ட குதிரைகள் தெருவில் குப்பையைக் கிளறுவதையும் வாகனங்களுக்கிடையில் நிற்பதையும் நகருக்குப் போனவர்கள் கண்டிருப்பார்கள். உரிமையாளரைக் கல்நெஞ்சர் என்று ஏசுவது எளிது. 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் விதித்த தண்டம் நூறு ரூபாய். அதற்குப் பதிலாகச் சட்ட ஆணைக்குழு 2006இல் தயாரித்த சட்டமூலம் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. தண்டத்தை உயர்த்துவது தேவைதான். ஆனால் தண்டம் குதிரைக்குப் புல் போடாது.

பழைய குதிரைக்காரனுக்குத் தெரிந்திருந்தவை இன்றைய உரிமையாளருக்கும் தெரிந்தாக வேண்டும். நாளின் பெரும்பகுதி மெல்லப் புல் வேண்டும். 300 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு உலர்ந்த கணக்கில் நாளுக்கு ஏறத்தாழ 6 கிலோ. மீந்த பாணும் சோறும் புல்லுக்கு மாற்றல்ல. தண்ணீர் எந்நேரமும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஈர மண்ணில் நிற்கும் குளம்பு அழுகும். தினம் கிண்டித் துடைத்து, ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். காலால் நிலத்தைப் பிறாண்டுவது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்ப்பது, விழுந்து புரள்வது, சாணம் போடாதிருப்பது ஆகியவை வயிற்றுவலியின் அறிகுறிகள். அப்போது தீவனத்தை நிறுத்தி வைத்தியரை அழைக்க வேண்டும்; வீட்டு மருந்தை வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய்விடலாம். உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 பாகை செல்சியஸ் வரையும், இளைப்பாறும்போது நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரையும் இருப்பது இயல்பு. ஒரு வெப்பமானியும் கைக்கடிகாரமும் இருந்தால் இதை எவரும் பார்க்கலாம். துருப்பிடித்த ஆணி குத்திய குதிரைக்கு ஏற்புவலித் தடுப்பூசி உயிர் காக்கும்.

லயத்துப் பசுவின் கதை இன்னும் நெருக்கமானது. மலையகக் குடும்பங்கள் பலவற்றில் பெயர்ச் சம்பளத்துக்கு அடுத்த வருமானம் பால். மேய்ச்சல் நிலம் இல்லாததால் பசு வாழ்நாள் முழுதும் கொட்டிலிலேயே நிற்கும். கொழுந்து பறித்துக் களைத்துத் திரும்பும் பெண்ணே புல்லையும் அறுத்துச் சுமந்து வருகிறாள். புல்லுக்காரனின் தலைச்சுமை அவள் தலைக்கு மாறியிருக்கிறது. களைநாசினி தெளித்த மலையில் அன்றே அறுத்த புல்லா என்பது அவளுக்குச் சொல்லப்படுவதில்லை. பத்து லீற்றர் பால் கறக்கும் பசுவுக்கு நாளுக்கு 50 லீற்றருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். குழாயில் மனிதருக்கே தண்ணீர் வராத லயத்தில் பசுவுக்கு எங்கே போவாள்? மடிவீக்கம் வராமலிருக்கக் கறக்குமுன் கைகழுவி, முதல் பீச்சுப் பாலைத் தனியே பீய்ச்சிக் கட்டி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள் கால்நடை அலுவலர்கள். நல்ல யோசனை. தண்ணீரும் காய்ந்த தரையும் இருந்தால்தான் அது நடக்கும்.

ஆகவே விலங்கின் நலம் பற்றிய பேச்சு எப்போதும் அதைப் பராமரிப்பவரின் நலம் பற்றிய பேச்சாகவே முடிகிறது. நுவரெலியாக் குதிரைகளுக்கு ஒரு முறையான பதிவேடும், பருவமற்ற மாதங்களுக்கான பொதுக் கொட்டிலும், குளம்பு சீவ மாதந்தோறும் வரும் ஒரு கையும் நகர நிர்வாகத்தால் ஏற்படுத்த முடியாதவையல்ல. தோட்டங்களில் தரிசாய்க் கிடக்கும் நிலத்தில் சிறு பகுதியைப் புல்லுக்கென ஒதுக்கித் தருவதும் இயலாததல்ல.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. கண்டி மாவட்டத்து முஸ்லிம் கிராமங்களில் தமது மூதாதையர் தவளம் நடத்தியதை நினைவுகூரும் குடும்பங்கள் இன்னும் உள்ளன. ஹற்றன், தலவாக்கலை, நானுஓயாப் பக்கத்து லயங்களில் மாட்டுப்பட்டி பார்த்த முதியவர்கள் சிலர் எஞ்சியிருக்கிறார்கள். பொதியைக் கட்டிய முடிச்சின் பெயர், புண்ணுக்கு வைத்த இலையின் பெயர், மாட்டை அழைத்த ஒலி, நோய்களுக்கு அவர்கள் வைத்திருந்த சொற்கள் ஆகியவற்றை அவர்கள் வாயிலிருந்து கேட்டு எழுதிவைக்க இன்னும் சில ஆண்டுகளே அவகாசம் உண்டு. அவற்றுள் எது பயனுள்ளது, எது வெறுஞ்சூடு என்பதைப் பிறகு மிருக வைத்தியர்கள் தெரிந்து சொல்லட்டும். கேட்கும்போது சொன்னவரின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும்.